வேடரை நாடிச் சென்ற வைத்தியர்

மட்டக்களப்பு வாவியின் கீழைக்கரையை எழுவான்கரை என்றும், மேலைக்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது எம்மவர் மரபு. ஞாயிறு எழும் கரை ஒன்று; ஞாயிறு படும் கரை மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியை அதன் பாடும் மீன்களால் உலகம் அறியும். அதற்கு நீர் எங்கிருந்து வருகின்றது என்று வினவுவோர் மிகச் சிலரே. படுவான்கரையின் வயல்வெளிகளைக் கடந்து மேற்கே சென்றால் காடு. காட்டுக்கு அப்பால் மலை. ஆங்குப் பிறக்கும் மகா ஓயாவும் றம்புக்கன் ஓயாவும் கூடி, முந்தனையாறு என்னும் பெயர் பூண்டு நம் வாவிப்புறத்தை வந்தடைகின்றன. அக்காடே வேடரின் நாடு.

வேடர் நமக்குப் புதியவரல்லர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் தலவரலாறே ஒரு வேடனிடமிருந்துதான் தொடங்குகின்றது. அவன் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது குருதி பெருகிற்று என்பர். அவ்விடத்தே இலிங்கம் வெளிப்பட்டது என்பர். கதிர்காமத்து வள்ளியம்மையும் வேடர் குலக்கொடியே. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடரோ தமிழே பேசி, மீன் பிடித்து, நம்முள் ஒருவராகவே வாழ்கின்றனர். எனது பாட்டனார் வீட்டில் ஆண்டுதோறும் மலைத்தேன் நிரம்பிய சுரைக்குடுக்கைகள் வந்து இறங்கும். கொண்டுவந்தவர் யார், எவ்வழியே வந்தார் என்பதைச் சிறுவனாகிய யான் அறியேன். காட்டுத்தேன் என்பது ஒன்றே எனக்குத் தெரியும். அக்காட்டிலே வாழ்ந்தோரைப் பற்றி நிறைய அறிந்துகொண்டது பின்னாளில், அதுவும் ஓர் ஆங்கில நூலின் வாயிலாக. இஃது எனக்குச் சிறிது வெட்கந்தரும் செய்தியே. அந்நூலை எழுதியவர் தமிழருமல்லர், சிங்களவருமல்லர், வேடருமல்லர். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த அறுவை வைத்தியர் அவர். டாக்டர் றிச்சர்ட் லயனல் ஸ்பிற்றல் என்பது அவர் பெயர்.

தென்னிலங்கையிலுள்ள தங்காலையில் 1881 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையாரும் அரசாங்க வைத்தியரே. தந்தையாரின் உத்தியோகம் காரணமாகக் காடு சூழ்ந்த ஊர்களைச் சிறு பிராயத்திலேயே காணும் பேறு அவருக்கு வாய்த்தது. கொழும்பு றோயல் கல்லூரியிலும், பின்னர் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். இங்கிலாந்து சென்று அறுவை வைத்தியத்தில் உயர் பட்டம் பெற்று மீண்டார். 1911 ஆம் ஆண்டு கிளறிபெல் வான்டோர்ட் என்னும் அம்மையாரை மணந்தார். அக்காலத்தே இலங்கையில் பெண்கள் வைத்தியத்துறையில் புகுதல் அரிது. அவ்வரியவருள் அவ்வம்மையார் ஒருவர். இவர்களின் புதல்வி கிறிஸ்ரின் வில்சன் பிற்காலத்தில் எழுத்தாளரானார். தந்தையாரின் வரலாற்றை 1975 இல் ஒரு நூலாக்கினார். கொழும்பிலே பெரிய வைத்தியசாலையின் அறுவை வைத்தியர், செல்வாக்குள்ள நண்பர்கள், சீரிய இல்லறம் என்று ஒரு மனிதன் அமைதியாக முதுமை எய்துவதற்கு வேண்டியன யாவும் அவரிடம் இருந்தன. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அவர் என் செய்தார் தெரியுமா? காட்டுக்குப் போனார்.

எவ்வழியே போனார் என்பதை நம்மவர் அறிந்திருத்தல் நன்று. மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா வழியாகப் பதியத்தலாவைக்கும் பிபிலைக்கும் ஏறிப் பதுளையை அடையும் நெடுஞ்சாலை ஒன்று உண்டு. இன்று அது பேருந்து ஓடும் பாதை. அதன் இருமருங்கிலும் கிடந்த காடுகளிலேதான் வேடர்தம் சிறு குடிகள் இருந்தன. சாலை முடிந்தவிடத்து மாட்டு வண்டி. வண்டி முடிந்தவிடத்து நடை. மலைப்பாறைகளின் அடியிலும் சேனைப் பயிர்களின் ஓரத்திலும் சிதறிக் கிடந்த நான்கைந்து குடிசைகளைத் தேடி நாட்கணக்கில் நடந்தார்.

அந்நியரைக் கண்டால் ஒதுங்குவோர் வேடர். அவ்வொதுக்கத்தை நீக்கியது வைத்தியப் பெட்டியே. பறங்கி நோய் என்று ஒரு நோய் அக்காலத்தே இலங்கையின் காட்டுப்புற ஊர்களை அரித்துக்கொண்டிருந்தது. உடலெங்கும் புண்ணாகி, எலும்பையும் தின்று, மூக்கும் முகமும் சிதைய வைக்கும் கொடிய நோய் அது. பெரும்பாலும் சிறுவரையே முதலிற் பற்றும். (போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர் என்று நம்பி அதற்குப் பறங்கி நோய் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். பூசணியையும் பறங்கிக்காய் என்கிறோம். புண்ணாற்றும் மருந்துவேர் ஒன்றையும் பறங்கிப்பட்டை என்கிறோம். நோயும் கறியும் மருந்தும் ஒரே பெயரைப் பெற்ற விந்தையை மாணவர்க்குச் சொல்லாமல் யான் ஒருபோதும் இப்பாடத்தைக் கடப்பதில்லை. அந்நோய்க்கு மருந்து தேடியவரும் பறங்கியரே என்பது ஒரு சுவையான பொருத்தம்.) ஸ்பிற்றல் அந்நோயைப் பற்றி 1923 இல் ஒரு வைத்திய நூலே எழுதினார். பெனிசிலின் வருவதற்கு முந்திய அந்நாளில் பாசாணம் கலந்த ஊசிமருந்தே கைகண்டது. ஊசி ஏற்றிய சில நாட்களிலே புண் உலர்ந்து மறைவதைக் கண்ட காட்டுமக்கள் அவரை நம்பினர். நம்பியவர் பேசினர், பேசியதை அவர் குறித்துக்கொண்டார்.

அவருக்கு முன்னே செலிக்மன் என்னும் ஆங்கில அறிஞரும் அவர் துணைவியாரும் இங்கு வந்து ஆராய்ந்து, 1911 இல் வேடரைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டிருந்தனர். அது கல்விமான்களுக்காக எழுதப்பட்டது. ஸ்பிற்றல் எழுதியன பொதுமக்கள் படிக்கும் நூல்கள். 1924 இல் 'வைல்ட் சிலோன்', 1933 இல் 'ஃபார்-ஓஃப் திங்ஸ்', 1941 இல் 'சாவேஜ் சாங்சுவரி', 1950 இல் 'வனிஷ்ட் ட்ரெயில்ஸ்' என்று அவை வரிசையாக வந்தன. இவற்றுள் யான் முதலிற் படித்தது 'சாவேஜ் சாங்சுவரி'. திசாகாமி என்னும் வேடன் ஒருவன் கொலைப்பழி ஏற்று, சட்டத்துக்கு அஞ்சிக் குடும்பத்தோடு காட்டினுள்ளே மறைந்து வாழ்ந்த வரலாற்றைக் கதைபோல் நடத்திச் செல்வது அது. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஒரு மாரிகாலம் முழுவதும் அதனைப் படித்தேன். அக்காட்டுப் பாதைகளும் பாறைகளும் எனது பாட்டனாருக்குத் தேன் வந்த திசையிலேயே கிடந்தன என்பதை உணர்ந்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தேன்.

அந்நூல்களிலும் அறிஞர் பிறர் குறிப்புகளிலும் என் நெஞ்சைத் தொட்ட செய்தி வேடரின் எல்லை வகுப்பு. காடு யாருக்கும் உரியதன்று, ஆதலின் யாரும் புகுந்து எதனையும் எடுக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம். வேடர் அங்ஙனம் எண்ணியதில்லை. இன்ன ஓடை முதல் இன்ன பாறை வரை இன்ன குடும்பத்துக்கு உரியது என்ற வரையறை அவர்களிடம் இருந்தது. பிறன் எல்லையில் வேட்டையாடுவதற்கும் தேன் எடுப்பதற்கும் உரியவனின் இசைவு வேண்டும். பெருந்தேனீக்கள் கூடு கட்டும் செங்குத்தான பாறைகள் தந்தையிடமிருந்து மக்களுக்கும் மருமக்களுக்கும் சீதனம்போல் வழிவழி வந்தன. கொடியாலாகிய ஏணியிலே தொங்கி, புகையூட்டி, உயிரைப் பணயம் வைத்துத் தேன் எடுப்பவன், அடுத்த ஆண்டும் அதே பாறைக்குத்தான் வரவேண்டும். ஆகவே அப்பாறையையும் அதனைச் சூழ்ந்த மலர்மரங்களையும் அழிய விடுவானா? காட்டைக் காக்க வேண்டும் என்று அவனுக்கு எவரும் பிரசங்கம் செய்யவேண்டியதில்லை.

இனி, ஸ்பிற்றலின் வாழ்விலே மற்றொரு பகுதி. இலங்கையில் வனவிலங்குகளைக் காக்கும் சங்கம் ஒன்று 1894 முதல் இயங்கி வருகின்றது. அது தொடக்கத்தில் வேட்டைக்காரர் சங்கமே. மானும் மரையும் குறைந்துபோனால் சுடுவதற்கு ஒன்றும் இராதே என்னும் அச்சமே அதன் தாய். ஸ்பிற்றலும் ஒருகாலத்தில் துப்பாக்கி ஏந்திக் காடு சென்றவரே. நாளடைவிலே சங்கமும் மாறிற்று; அவரும் மாறினார். அச்சங்கத்தின் தலைவராக விளங்கியதோடு, 1936 இல் அது தொடங்கிய 'லோறிஸ்' என்னும் சஞ்சிகையின் முதல் ஆசிரியராகவும் அமர்ந்தார். லோறிஸ் என்பது நம் தேவாங்கு. யானையும் சிறுத்தையும் இருக்க, இரவிலே மரக்கொம்பில் மெல்ல ஊரும் அச்சிற்றுயிரின் பெயரை ஒரு சஞ்சிகைக்கு இட்டது எனக்குப் பெரிதும் பிடித்த செயல்.

அக்காலத்தே வேளாண்மைக்கும் காணிக்கும் அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்க. ஸ்பிற்றலும் அவரையொத்தோரும் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் நிறைவேறி, 1938 இல் நடைமுறைக்கு வந்தது. யாலையும் வில்பத்துவும் அவ்வாண்டிலேயே தேசிய வனங்களாயின. காட்டை அச்சட்டம் பல படிகளாகப் பகுத்தது. ஆராய்ச்சிக்கன்றி எவரும் புகக்கூடாத இடம் ஒன்று. விலங்குகளைப் பார்ப்பதற்கு மட்டும் அனுமதி பெற்றுப் புகும் தேசிய வனம் ஒன்று. அனுமதியோடு வேட்டையாடத்தக்க இடைநிலம் ஒன்று. மக்கள் குடியிருக்கவும் இடந்தரும் சரணாலயம் ஒன்று. பகுப்பு அறிவுடையதே. இச்சட்டம் இல்லாதிருப்பின் நம் நாட்டிலே இன்று எத்தனை யானை எஞ்சியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கின்றது.

ஆயினும் ஓர் ஐயம் என்னை விட்டு நீங்கவில்லை. தேசிய வனம் என்ற சொல்லின் பொருள், பார்க்க வருபவன் புகலாம், வாழ்பவன் இருக்கலாகாது என்பதன்றோ? வேடர் குடிசையிலே நோயாளியின் அருகிருந்து கதை கேட்ட கையே 'லோறிஸ்' சஞ்சிகையையும் நடத்திற்று. ஒரு கையால் எழுதிய நூல்கள் காட்டுமக்களின் அழிவை நினைத்து இரங்கின. மறுகை தாங்கிய இயக்கம் அவர்களை வெளியே நிறுத்தும் வேலியை நாட்டிற்று. இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் இணைத்து எழுதும் வழியை அவர் கண்டாரில்லை.

இதற்காக அன்னாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த யான் விரும்பேன். 1872 இல் அமெரிக்கர் யெலோஸ்டோன் காட்டைக் காப்பிடமாக்கியது முதல், மனிதர் இல்லாத காடே காக்கப்பட்ட காடு என்பதே உலகெங்கும் ஓங்கிய கருத்து. 1933 இல் இலண்டனில் ஐரோப்பிய அரசுகள் கூடி ஆபிரிக்க விலங்குகளுக்காகச் செய்துகொண்ட உடன்படிக்கையும் அதே நெறியில் நடந்தது. காலத்தின் காற்றை ஒருவர் எளிதிலே மறித்து நிற்றல் இயலாது. இரவல் விளக்குடன் வந்து துப்பாக்கியாற் சுட்டு இறைச்சியை வண்டி வண்டியாக விற்றவரையும், அன்றைய உணவுக்கு ஓர் உடும்பைக் கொன்ற வேடனையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்தது என்பதே என் மனக்குறை. இவ்விருவரின் வேற்றுமையை ஸ்பிற்றலைவிட நன்கு அறிந்தவர் அந்நாளில் எவர்?

பின்னர் வந்த அடி, வேட்டையாலும் வந்ததன்று, சட்டத்தாலும் வந்ததன்று, நீரால் வந்தது. நாம் பட்டிப்பளை ஆறு என்று வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலை 1949 இல் தொடங்கிற்று. அணை எழுந்தது, சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்ப்பரப்பு பிறந்தது. அந்நீரின் கீழே வேடரின் சிறந்த வேட்டை நிலங்கள் மறைந்தன. எஞ்சிய குடிகள் இரத்துகலை, பொல்லேபெத்தை முதலிய இடங்களில் ஒதுங்கின. நீர்த்தேக்கத்துக்கு மண் வந்து நிரம்பாமல் அதனைச் சூழ்ந்த காட்டைக் காக்கவேண்டும் என்பதற்காக 1954 இல் கல்லோயா தேசிய வனம் அமைந்தது. அதன் பரப்பு 25,900 ஹெக்டேயர். காடு நீருக்காகக் காக்கப்பட்டது; நீர் வயலுக்காக. வயல் வேண்டாம் என்று படுவான்கரைப் பக்கத்தானாகிய யான் சொல்ல முடியுமா? சோறு உண்பவன் சொல்லத் தகாத சொல் அது. ஆனால் அக்கணக்கிலே வேடனுக்கென்று ஒரு பத்தி இருக்கவில்லை.

1950 இல் ஸ்பிற்றல் வெளியிட்ட நூலின் பெயரே மறைந்துபோன தடங்கள் எனப் பொருள்படும். வேடரின் கடைசித் தலைமுறையைப் பற்றியது என்ற குறிப்பும் அதனோடு சேர்ந்திருந்தது. இங்கேதான் யான் அவரோடு முழுமையாக மாறுபடுகிறேன். வேடர் என்பவர் வில்லோடும் கோடரியோடும் குகையில் இருக்கவேண்டும். சேனை செய்து, சிங்களமோ தமிழோ பேசி, சட்டை அணிந்துவிட்டால் அவர் வேடரல்லர் என்ற எண்ணம் அவரையும் பற்றியிருந்தது. அன்பினால் விளைந்த பிழைதான். எனினும் உயிரோடிருப்பவருக்குப் பாடும் இரங்கற்பா, அவர்தம் காணியைப் பிறர் எடுத்துக்கொள்ள வசதி செய்து கொடுத்துவிடும் அன்றோ? இல்லாதவருக்கு ஏது நிலம்?

ஸ்பிற்றல் 1969 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் காலமானார். எண்பத்தேழு ஆண்டு வாழ்ந்த பெருவாழ்வு. நூல்களும் சஞ்சிகையும் ஒரு சட்டமும் எஞ்சின.

வேடரோ மறைந்துவிடவில்லை. 1983 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மகாவலித் திட்டத்தின் ஓர் அங்கமாக மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டது. 58,850 ஹெக்டேயர், மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதியும் அதனுள் அடங்கும். அவ்வேளை வேடர் குடும்பங்கள் பல எனானிகலை முதலிய குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. வேட்டையும் தேன் எடுத்தலும் ஒரே நாளிற் குற்றங்களாயின. தம்பானையின் தலைவர் திசாகாமி பெயர மறுத்தார். ஸ்பிற்றல் எழுதிய திசாகாமி வேறு, இவர் வேறு. பெயரொற்றுமையால் வாசகர் மயங்கலாகாது. சிலரோடு அங்கேயே இருந்த அம்முதியவர் 1998 இல் மறைந்தார். அவர்தம் மைந்தர் வன்னியலத்தோ 1996 இலேயே ஜெனீவா நகரத்துக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடியினர் பற்றிய கூட்டத்தில் தம் மக்களின் வழக்கை எடுத்துரைத்தார். கடைசி வேடர் என்று நூல் எழுதி நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பின் நிகழ்ந்தது இது.

வேறு வழி உண்டா என்று வினவலாம். உண்டு, அதுவும் கடல் கடந்தவுடனே உண்டு. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்திலே வயணை என்னும் காட்டுக்கறுவாவின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர் கூட்டம் ஒன்று இருந்தது. 1990 களில் வனத்துறையினர் அவர்களையே அழைத்துப் பேசி, வழக்குகளைத் தீர்த்து, காட்டுக் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கினர். களவுப்பாதை அறிந்தவனே காவற்பாதையும் அறிவான் என்ற எளிய நியாயம். கருநாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையிலே சோலிகர் என்னும் பழங்குடியினருக்குத் தேனும் நெல்லியும் சேகரிக்கும் உரிமை, 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2011 இல், புலிக்காப்பகத்தினுள்ளேயே ஏற்கப்பட்டது. இவை குறையற்றவை என்று யான் சொல்லவில்லை. ஆயினும் காட்டுவாசியையும் காட்டையும் ஒரே ஏட்டில் எழுதும் முயற்சிகள் இவை. ஸ்பிற்றல் இருந்திருந்தால் 'லோறிஸ்' சஞ்சிகையில் இவற்றை முதற் பக்கத்தில் இட்டிருப்பார் என்றே நம்புகிறேன்.

நம் பக்கத்தில் வழக்கு முடிந்தபாடில்லை. 2020 இல், பொல்லேபெத்தை, றம்புக்கன் ஓயாப் பகுதியில் சோளப் பயிர்ச்செய்கைக்காகக் காடு வெட்டப்படுவதை எதிர்த்து, வேடர் தலைவர் வன்னியலத்தோ சூழல் அமைப்பொன்றோடு சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். வெட்டியவர் காட்டைக் காத்தவராகவும், தேன் எடுத்தவர் அழித்தவராகவும் எண்ணப்பட்ட காலம் மாறி, காட்டுக்காக வேடரே நீதிமன்றப் படி ஏறினர். அவ்வோடையின் நீரே முந்தனையாறாகி நம் வாவிப்புறத்துக்கு வருவது என்பதை மேலே சொன்னேன். எழுவான்கரையில் தோணி வலிப்பவருக்கும் அவ்வழக்கில் பங்கு உண்டு. அவர்களுள் எத்தனை பேர் அதனை அறிவர் என்பது வேறு.

சென்ற ஆண்டு மாணவர் சிலரோடு அப்பதுளைச் சாலையிலே சென்றேன். புல்லுமலை கடந்து சிறிது தூரத்தில் மரநிழலில் ஒரு முதியவர் நான்கு போத்தல் தேனோடு அமர்ந்திருந்தார். ஒன்றை வாங்கி, முகர்ந்து பார்த்தேன். பாட்டனார் வீட்டுச் சுரைக்குடுக்கையின் மணமே. ஐயா, இஃது எந்தப் பக்கத்துத் தேன் என்று கேட்டேன். அவர் எமது வாகனத்தையும் அதன் பின்னே சாலையையும் ஒருமுறை பார்த்தார், வாய் திறக்கவில்லை. தாடையை மட்டும் மேற்கே சிறிது உயர்த்திக் காட்டினார். யான் மேலும் வினவாமல் காசைக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.